மெரினா சிலைகளை நடந்து பார்ப்பது எப்படி? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சென்னைக்கு வருகிற எவரும் மெரினாவைப் பார்க்காமல் ஊர் திரும்புவதில்லை. அலையில் கால் நனைத்து, தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல் சாப்பிட்டு, நாலு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். காமராஜர் சாலையோரம் வரிசையாக நிற்கிற சிலைகள் வழி சொல்லத்தான் பயன்படுகின்றன. "கண்ணகி சிலைகிட்ட நிக்கிறேன், வந்துரு." "உழைப்பாளர் சிலைல எறங்கிக்கோ." உள்ளூர்க்காரர்களும் அப்படித்தான். அந்தச் சாலையில் தினமும் வேலைக்குப் போய்வருகிறவரிடம் உழைப்பாளர் சிலையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பலரும் யோசிப்பார்கள்.

அவற்றை நின்று பார்க்க விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். டிக்கெட் கிடையாது, மூடும் நேரம் கிடையாது, வழிகாட்டி ஒருவரை அமர்த்த வேண்டியதும் இல்லை. போனில் ஒரு வரைபடமும் மனதில் மூன்று கேள்விகளும் போதும். இதைச் செய்தது யார்? இங்கே வைத்தது யார், எப்போது? ஏன் இந்த இடம்?

மூன்றில் முதல் கேள்விதான் எனக்குப் பெரிது. நம் ஊர்ச் சிலைப் பீடங்களில் திறந்து வைத்தவர் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர் என்று பட்டியல் நீளும். சிலையை வடித்தவர் பெயரைத் தேடினால் பல இடங்களில் கிடைக்காது. களிமண்ணில் உருவம் பிடித்து, அச்செடுத்து, உலோகம் வார்த்த கைகளுக்கு ஒரு வரிகூடத் தராமல் விடுவது அநியாயம். நடக்கும்போது அந்தப் பெயரைத் தேடுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். பீடத்தின் முன்பக்கத்தோடு நிற்காமல் பக்கவாட்டையும் பின்புறத்தையும் பாருங்கள். சிலையின் காலடியில், உலோகத்திலேயே கையெழுத்து இருக்கிறதா என்றும் பாருங்கள். வீட்டுக்கு வந்து தேடுவதற்கு அதுவே துப்பு.

கிளம்பும் முன்

முதல் நாளே எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று நினைக்காதீர்கள். கீழே மூன்று நடைகளைச் சொல்லியிருக்கிறேன். ஒரு நாளைக்கு ஒன்று போதும். ஒரு நடையில் ஆறேழு சிலைகளுக்கு மேல் பார்த்தால் கடைசியில் பார்த்தவை மனதில் நிற்காது.

கூகுள் மேப்ஸில் நீங்கள் பார்க்கப்போகும் இடங்களை ஒவ்வொன்றாகத் தேடிச் சேமித்து வையுங்கள். அந்தப் பகுதி வரைபடத்தைப் பதிவிறக்கி வைத்தால், விடுமுறை நாள் மாலைக் கூட்டத்தில் இணையம் திணறினாலும் கவலை இல்லை. ஒவ்வொரு இடத்தின் கீழும் அந்த ஆளைப் பற்றி ஒரே ஒரு வரி குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் முன்கூட்டியே படிக்காமல் இருப்பது நல்லது. படித்துவிட்டுப் போனால், படித்ததைச் சரிபார்க்கத்தான் கண் போகும். முதலில் பார்த்துவிடுங்கள், பிறகு படித்துக்கொள்ளலாம்.

தண்ணீர் பாட்டில், தொப்பி, நடந்து பழகிய செருப்பு. மணலில் இறங்குகிற எண்ணம் இருந்தால் ஷூ வேண்டாம். ஒரு சின்ன நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

டிசம்பர் பிற்பகுதியிலிருந்து பிப்ரவரி வரை நடக்கச் சுகமான காலம். ஏப்ரல், மே மாதங்களில் காலை எட்டு மணிக்கே வெயில் சுள்ளென்று அடிக்கும். ஜனவரியில் வருகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: குடியரசு தின அணிவகுப்பு காமராஜர் சாலையில்தான் நடக்கும். அதற்கு முன் ஒத்திகை நாட்களில் காலையில் போக்குவரத்தைத் திருப்பிவிடுவார்கள். செய்தித்தாளில் முன்கூட்டியே அறிவிப்பு வரும்.

காலையா, மாலையா?

கடற்கரை என்றால் காலை நேரம்தான் என்று பலரும் சொல்வார்கள். சிலைகள் விஷயத்தில் அது பாதிதான் சரி. பெரும்பாலான சிலைகள் கடலுக்கு முதுகு காட்டிச் சாலையைப் பார்த்து நிற்கின்றன. சூரியன் கடல் பக்கத்திலிருந்து எழுவதால் காலையில் முகங்கள் இருட்டாக இருக்கும். முகத்தையும் உடையின் மடிப்பையும் பார்க்க வேண்டுமானால் மாலை நாலரை மணிக்கு மேல் போங்கள். மேற்கு வெயில் நேராக முகத்தில் விழும். காலையில் வேறொன்று கிடைக்கும்: பின்னால் வெளுத்த வானம் இருப்பதால் உருவத்தின் வெளிக்கோடு கத்தரித்து வைத்ததுபோல் தெரியும். உழைப்பாளர் சிலைக்கு அது மிகவும் பொருந்தும். ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் மாலையைத் தேர்ந்தெடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், கூட்டம் தாங்காது.

முதல் நடை: உழைப்பாளர் சிலையிலிருந்து காந்தி சிலை வரை

பறக்கும் ரயிலில் சேப்பாக்கம் நிலையத்தில் இறங்கி, வாலாஜா சாலையில் கடலை நோக்கி நடந்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் காமராஜர் சாலை வந்துவிடும். எதிரே தெரிவதுதான் உழைப்பாளர் சிலை. இங்கே தொடங்கி, கடலை இடப்பக்கம் வைத்துத் தெற்கே நடந்தால் ராதாகிருஷ்ணன் சாலை வந்து சேருமிடத்தில் காந்தி சிலை. ஏறத்தாழ 2 கி.மீ. நேராக நடந்தால் அரை மணி நேரம்; பார்த்துக்கொண்டே போனால் இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். சாலையைக் கடக்க வேண்டிய இடங்களில் சிக்னலில் மட்டுமே கடக்கவும். அங்கே வண்டிகள் வருகிற வேகம் புதியவர்களுக்குப் பிடிபடாது.

உழைப்பாளர் சிலையில் குறைந்தது இருபது நிமிடம் நில்லுங்கள். முழு நடைக்கும் அதுதான் பயிற்சிக்களம்.

முதலில் சற்றுத் தள்ளி நின்று மொத்தமாகப் பாருங்கள். நான்கு ஆண்கள் ஒரு பெரும் பாறையை நெம்பி நகர்த்தப் பார்க்கிறார்கள். பாறை இன்னும் அசையவில்லை. அசையப்போகிறது என்கிற கணத்தில் சிற்பி அவர்களை நிறுத்தியிருக்கிறார். பிறகு மெதுவாகச் சுற்றி வாருங்கள். ஒவ்வொரு நாலு அடிக்கும் உருவங்கள் ஒன்றையொன்று மறைத்து, வேறொரு படமாக மாறும். ஓரிடத்தில் நான்கு பேர் தெரிவார்கள், இன்னோரிடத்தில் இரண்டு பேரும் பாறையும் மட்டுமே தெரியும். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் பாரம் அதிகமாகத் தெரிகிறது என்று நீங்களே கண்டுபிடியுங்கள். மூன்றாவதாக ஒரே ஒரு உருவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் எடை எந்தக் காலில் இருக்கிறது? முதுகு எங்கே வளைகிறது? தோளிலிருந்து பாறை வரை விசை எந்த வழியாகப் போகிறது? குழந்தைகளோடு போயிருந்தால் அதேபோல் நின்று காட்டச் சொல்லுங்கள். பெரியவர்களும் முயலலாம். அரை நிமிடம் அந்த நிலையில் நின்றால் தொடை நடுங்கும். சிற்பி மனித உடலை எவ்வளவு கூர்ந்து கவனித்திருக்கிறார் என்பது அப்போது உடம்புக்கே தெரியும்.

நோட்டை இப்போது எடுங்கள். படம் வரையத் தெரியாது என்று சொல்ல வேண்டாம். நான்கு உடல்களுக்கு நான்கு கோடு, பாறைக்கு ஒரு வட்டம், அவ்வளவுதான். போனில் படம் எடுக்க ஒரு நொடி போதும், கண் அதற்குள் நகர்ந்துவிடும். ஒரு கோடு போட வேண்டுமென்றால் நாலு தடவை நிமிர்ந்து பார்த்தாக வேண்டும்.

இப்போது மூன்று கேள்விகள். செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. வங்காளத்தில் பிறந்தவர், அபனீந்திரநாத் தாகூரிடம் ஓவியம் பயின்றவர். சென்னைக் கலைப்பள்ளியின் முதல்வராக ஏறக்குறைய 30 ஆண்டுகள் இருந்தார். 1850இல் தொடங்கிய அந்தப் பள்ளிதான் இன்று பெரியார் ஈ.வெ.ரா. சாலையில் அரசு கவின்கலைக் கல்லூரியாக இருக்கிறது. பின்னாளில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கிய கே.சி.எஸ். பணிக்கர் இவருடைய மாணவர். வைத்தது எப்போது? 1959 ஜனவரியில், குடியரசு தினத்துக்கு முந்தைய நாள் திறக்கப்பட்டது. ஏன் இங்கே? இந்தியாவில் முதன்முதலாக மே தினம் கொண்டாடப்பட்டது 1923இல் சென்னைக் கடற்கரையில்தான். தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலர் முன்னின்று நடத்திய இரண்டு கூட்டங்களில் ஒன்று உயர் நீதிமன்றத்துக்கு எதிரே நடந்தது, மற்றொன்று இந்தத் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் நடந்தது. இன்றும் மே 1 அன்று தொழிற்சங்கத்தினர் மாலை போட வருவது இந்தச் சிலைக்குத்தான்.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொண்டு நகருங்கள். இனி வழியில் நீங்கள் பார்க்கப்போகிற ஒவ்வொரு சிலைக்கும் ஒரு பெயர் உண்டு: புலவர், தலைவர், காப்பியத் தலைவி என்று. இந்த நான்கு பேருக்கு மட்டும் பெயர் இல்லை. மெரினா முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த சிலை இது என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

1968 வரிசை

உழைப்பாளர் சிலையை விட்டுத் தெற்கே நடந்தால், 1968 ஜனவரியில் ஒரே சமயத்தில் எழுந்த சிலைகளை ஒவ்வொன்றாகக் காண்பீர்கள். அண்ணா முதலமைச்சராக இருந்தபோது சென்னையில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தது. அதையொட்டிக் கடற்கரையில் பத்துச் சிலைகள் வைக்கப்பட்டன: திருவள்ளுவர், ஔவையார், கம்பர், கண்ணகி, பாரதியார், பாரதிதாசன், வ.உ.சி., கால்டுவெல், ஜி.யு. போப், வீரமாமுனிவர்.

இந்தப் பட்டியலே ஒரு கருத்துதான். மன்னர் ஒருவர்கூட இல்லை. தெய்வச் சிலை இல்லை. பத்துப் பேரில் மூவர் ஐரோப்பாவிலிருந்து வந்த பாதிரியார்கள். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் வெளியிட்டவர் கால்டுவெல். குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் தந்தவர் போப். இத்தாலியிலிருந்து வந்து தேம்பாவணி பாடியவர் வீரமாமுனிவர். தமிழுக்கு உழைத்தால் போதும், எந்த ஊர்க்காரராக இருந்தாலும் நம் கடற்கரையில் இடம் உண்டு என்று அன்றைய தமிழ்நாடு வெட்டவெளியில் நிறுத்திச் சொன்னது. சிலை பார்க்கும்போது இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: யார் வரிசையில் இருக்கிறார்கள் என்பதோடு, யாருக்கெல்லாம் இடம் தரவில்லை என்பதையும்.

பத்தையும் ஒரே அளவு கவனத்தோடு பார்க்க முடியாது, தேவையும் இல்லை. ஜோடி ஜோடியாக ஒப்பிடுங்கள். மூன்று பாதிரியார்களின் உடையையும் நிற்கும் விதத்தையும் ஒப்பிட்டால், சிற்பிகள் யாரை எவ்வளவு தமிழராக்கிக் காட்டியிருக்கிறார்கள் என்பது தெரியும். பாரதியையும் பாரதிதாசனையும் அடுத்தடுத்துப் பாருங்கள். வள்ளுவர், ஔவை, கம்பர் மூவருக்கும் நேரில் பார்த்து எழுதிய படம் எதுவும் கிடையாது. சிற்பி கற்பனையில் பிடித்த முகங்கள். பாரதிக்கும் வ.உ.சி.க்கும் புகைப்படங்கள் உண்டு. போனில் அந்தப் புகைப்படத்தைத் திறந்து சிலையோடு வைத்துப் பாருங்கள். சிற்பி எதை விட்டிருக்கிறார், எதை மிகைப்படுத்தியிருக்கிறார் என்று பிடிபடும்.

சாலையின் மறுபக்கத்தையும் மறந்துவிட வேண்டாம். மாநிலக் கல்லூரி வளாகத்தில் உ.வே. சாமிநாதையர் சிலை கடலைப் பார்த்து நிற்கிறது. ஏட்டுச்சுவடிகளைத் தேடி அலைந்து சங்க நூல்களை அச்சில் தந்தவர் அந்தக் கல்லூரியில்தான் பாடம் நடத்தினார். இந்தப் பக்கம் நிற்கிற கண்ணகியின் கதையை, சிலப்பதிகாரத்தை, 1892இல் பதிப்பித்தவரும் அவரே. அந்தக் கல்லூரிக்கு எதிரே உள்ள மணற்பரப்பு திலகர் திடல். விடுதலைப் போராட்டக் காலத்தில் பெருங்கூட்டங்கள் நடந்த இடம் அது. பாரதி அங்கே பேசியிருக்கிறார்.

கண்ணகி

பாரதி சாலை கடற்கரையைத் தொடுமிடத்துக்கு அருகே கண்ணகி. விரித்த கூந்தல், கையில் ஒற்றைச் சிலம்பு. பாண்டியன் அவையில் நீதி கேட்கிற கோலம். இந்தச் சிலையை நேர் எதிரே நின்று பார்ப்பதைவிடச் சற்றுப் பக்கவாட்டில் நின்று பாருங்கள், உடலின் திருப்பமும் கையின் வீச்சும் அப்போதுதான் தெரியும்.

வைத்த இடத்திலேயே இருந்த சிலை அல்ல இது. 2001 டிசம்பரில் லாரி மோதிப் பீடம் சேதமடைந்ததைத் தொடர்ந்து சிலை அகற்றப்பட்டது. அகற்றியதற்குப் பெரும் எதிர்ப்பு எழுந்தது. நான்கரை ஆண்டுகள் கழித்து, ஆட்சி மாறிய பின், 2006 ஜூன் 3 அன்று மீண்டும் இங்கே வைக்கப்பட்டது. ஒரு காப்பியப் பாத்திரத்தின் சிலைக்காக இவ்வளவு நடந்திருக்கிறது. ஊர்ப் பொதுவில் இருக்கிற சிலை யாருக்குச் சொந்தம் என்று யோசிக்க வைக்கும் இடம் இது.

காந்தி

நடையின் கடைசி நிறுத்தம் காந்தி சிலை. இதுவும் ராய் சௌத்ரியின் கைவண்ணம்தான், இதுவும் 1959இல் திறக்கப்பட்டதுதான். திறந்து வைத்தவர் நேரு. தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே சிற்பி என்பதால்தான் இந்த வரிசையில் நடக்கச் சொன்னேன். உழைப்பாளர் நோட்டுப் படத்தை இப்போது எடுத்துப் பாருங்கள். அங்கே நான்கு உடல்களின் எடையும் பாறை மீது. இங்கே ஓர் உடலின் எடை எடுத்து வைக்கிற அடியின் மீது. நின்றுகொண்டிருக்கிற காந்தியை அவர் செய்யவில்லை, நடந்துகொண்டிருக்கிற காந்தியைச் செய்திருக்கிறார். பிற்காலத்தில் டெல்லியில் தண்டி யாத்திரையைப் பதினொரு உருவங்களாக வடித்ததும் இவரே.

மெட்ரோ ரயில் பணிக்காக இந்தச் சிலையைச் சற்று நகர்த்தி வைத்தார்கள். அந்தச் சுற்றுவட்டாரத்தில் வேலை நடக்கும் காலத்தில் தடுப்புகளும் மாற்றுப்பாதையும் இருக்கும். கிளம்பும் முன் விசாரித்துக்கொண்டு போங்கள். திரும்பும்போது பறக்கும் ரயிலின் கலங்கரை விளக்கம் நிலையத்தைப் பயன்படுத்தலாம்.

இந்த முனையில் இன்னொரு சிலையும் இருந்தது. 2006இல் வைத்த சிவாஜி கணேசன் சிலை, போக்குவரத்துக்கு இடையூறு என்று நீதிமன்றம் வரை வழக்கு போய், 2017இல் அடையாற்றில் உள்ள அவருடைய மணிமண்டபத்துக்கு மாற்றப்பட்டது. பார்க்க விரும்புகிறவர்கள் அங்கே போகலாம்.

மாலையும் மூடுதுணியும்

பிறந்த நாள், நினைவு நாள்களில் தலைவர் சிலைகளுக்கு ஏணி, பந்தல், ஆளுயர மாலை எல்லாம் வந்துவிடும். சிலையின் வடிவத்தைப் பார்க்க வேண்டுமானால் அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள். மக்கள் சிலையோடு எப்படிப் பழகுகிறார்கள் என்று பார்க்க வேண்டுமானால் அந்த நாளில்தான் போக வேண்டும். தேர்தல் நடத்தை விதிகள் அமலில் இருக்கும் வாரங்களில் அரசியல் தலைவர்களின் சிலைகளைத் துணி போட்டு மூடி வைப்பதும் உண்டு. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் தேதி பார்த்துத் திட்டமிடுங்கள்.

சிலை மீது ஏறக் கூடாது, பீடத்தில் செருப்போடு உட்காரக் கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. போனில் படம் எடுக்க யாரும் தடுப்பதில்லை. பெரிய முக்காலி, விளக்குகளோடு போனால் காவல்துறையினர் விசாரிப்பார்கள். ட்ரோனை அனுமதி இல்லாமல் பறக்கவிடவே கூடாது.

இரண்டாம் நடை: மன்றோவிலிருந்து அண்ணா வரை

இது அரை மணி நேர நடைதான், ஆனால் வண்டிச் சத்தம் அதிகம். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு முன் முடித்துவிடுவது நல்லது.

தீவுத்திடல் அருகே, சாலை நடுவே உயரமான பீடத்தில் குதிரை மீது உட்கார்ந்திருப்பவர் சர் தாமஸ் மன்றோ. 1820 முதல் 1827 வரை சென்னை மாகாண ஆளுநர். விவசாயியிடமே நேரடியாக நிலவரி வாங்கும் ரயத்துவாரி முறையோடு சேர்த்துப் பேசப்படும் பெயர். லண்டன் சிற்பி பிரான்சிஸ் சான்ட்ரி செய்த வெண்கலச் சிலை இது. 1839இல் இங்கே வைத்தார்கள். சுற்றிலும் வண்டிகள் பாய்வதால் நடைபாதையில் நின்றே பாருங்கள். ஒரு சிறிய தொலைநோக்கி இருந்தால் எடுத்துப் போகலாம், இல்லையென்றால் போன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள்.

பார்த்தால் சேணமும் இல்லை, கால் வைக்கும் வளையமும் இல்லை. சிற்பி மறந்துவிட்டார், பிறகு அதை நினைத்து மனமுடைந்துபோனார் என்று ஊரில் கதை சொல்வார்கள். நம்பாதீர்கள். லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் சான்ட்ரி செய்த நான்காம் ஜார்ஜ் மன்னர் சிலையிலும் சேணம் இல்லை, வளையம் இல்லை. பழைய ரோமானியக் குதிரைச் சிலைகளின் பாணியை அவர் வேண்டுமென்றே பின்பற்றினார். அந்தக் காலத்து ரோமானியர்களிடம் கால்வளையமே கிடையாது. வழியில் யாராவது சிலை பற்றிச் சுவையான கதை சொன்னால் கேட்டு ரசியுங்கள், பிறகு அதே சிற்பியின் வேறொரு சிலையையும் தேடிப் பாருங்கள். பாதிக் கதைகள் அங்கேயே உதிர்ந்துவிடும்.

அங்கிருந்து அண்ணா சாலையில் மேற்கே வந்தால் ஜிம்கானா கிளப் அருகே காமராஜர். அவர் முதலமைச்சராக இருந்தபோதே, 1961இல் நேரு வந்து திறந்து வைத்தது. அதைத் தாண்டி சிம்சன் நிறுவனக் கட்டடம் அருகே பெரியார். பிறகு வாலாஜா சாலை பிரியுமிடத்தில் விரல் நீட்டியபடி அண்ணா. அதுவும் அவர் உயிரோடு இருந்தபோதே, 1968 தொடக்கத்தில் திறக்கப்பட்டது. மூவருக்கும் இடையே உள்ள உறவும் பகையும் தெரிந்தவர்களுக்கு இந்தச் சிறு தூரம் அரசியல் வரலாறாக விரியும். அருகே ஓமந்தூரார் தோட்டத்தில் 2022இல் திறந்த கருணாநிதி சிலையையும் பார்த்துவிடலாம். அவருக்கு அண்ணா சாலையில் முன்பு இருந்த சிலை, 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். இறந்தபோது நடந்த கலவரத்தில் உடைக்கப்பட்டது.

இன்று இல்லாத சிலைகளையும் நடையில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பேன். 1857 எழுச்சியைக் கொடூரமாக ஒடுக்கிய ஜேம்ஸ் நீல் என்கிற அதிகாரிக்கு அன்று மவுண்ட் ரோடு எனப்பட்ட இதே அண்ணா சாலையில் சிலை இருந்தது. அதை அகற்றக் கோரி 1927இல் சத்தியாகிரகம் நடந்தது, பலர் சிறை சென்றார்கள். 1937இல் ராஜாஜி அமைச்சரவை அதை எடுத்து எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அனுப்பியது. மன்றோ அப்படியே இருக்க, நீல் மட்டும் ஏன் போனார் என்று கூட வருகிறவரிடம் பேசிக்கொண்டே நடக்கலாம். அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் வெள்ளிக்கிழமை போக வேண்டாம், விடுமுறை.

மூன்றாம் நடை: கண்ணகி நகர்ச் சுவர்கள்

பழைய மகாபலிபுரம் சாலையில் துரைப்பாக்கம் பக்கம் இருக்கிறது கண்ணகி நகர். பேருந்து உள்ளே வரை போகும். நகரின் நடுவே ஆற்றங்கரையிலும் கால்வாய்க் கரையிலும் வாழ்ந்தவர்களை அப்புறப்படுத்தி, 2000ஆம் ஆண்டிலிருந்து இங்கே அடுக்குமாடிக் குடியிருப்புகளில் குடியேற்றினார்கள். வேலை, பள்ளி, உறவு எல்லாவற்றையும் விட்டுத் தொலைவுக்கு வந்தவர்கள். 2020இல் மாநகராட்சியும் ஸ்டார்ட் இந்தியா (St+art India) என்கிற தெருக்கலை அமைப்பும் ஏசியன் பெயிண்ட்ஸ் நிறுவனமும் சேர்ந்து இங்கே கட்டடச் சுவர்களில் பல மாடி உயரத்துக்கு ஓவியங்கள் வரையச் செய்தார்கள். சென்னை ஓவியர் ஏ-கில் உட்பட உள்நாட்டு, வெளிநாட்டு ஓவியர்கள் பலர் வரைந்தார்கள்.

இங்கே நடப்பதற்கு முறை வேறு. மெரினாவில் சிலை பொதுவெளியில் இருக்கிறது. இங்கே ஓவியம் ஒருவர் வீட்டுச் சுவரில் இருக்கிறது. ஜன்னலில் துணி காயும், வாசலில் பாட்டி உட்கார்ந்திருப்பார். பேருந்திலிருந்து இறங்கியதும் கேமராவைத் தூக்க வேண்டாம். "அக்கா, இந்தப் படம் வரைஞ்ச சுவரெல்லாம் எந்தப் பக்கம்?" என்று கேளுங்கள். வரைபடத்தில் தேடுவதைவிட அது எளிது. பிள்ளைகள் கூடவே வந்து காட்டுவார்கள். மனிதர்கள் சட்டகத்துக்குள் வருவதானால் முதலில் அனுமதி கேளுங்கள். குழந்தைகள் என்றால் அவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். வறுமையைப் படம் பிடிக்கப் போகிறவர்கள் தயவுசெய்து போக வேண்டாம். டீ அங்கேயே குடியுங்கள், பழமோ பலகாரமோ அங்கேயே வாங்குங்கள்.

பெரிய சுவரோவியத்தைத் தொலைவிலிருந்து தொடங்கிப் பாருங்கள். முழு உருவமும் தெரிந்தபின் நெருங்கிப் போய்ச் சுவரை ஒட்டி நில்லுங்கள். தூரத்தில் கன்னத்து நிழலாகத் தெரிந்தது கிட்டத்தில் நாலைந்து தட்டையான வண்ணத் திட்டுகளாகப் பிரிந்து நிற்கும். ஜன்னலையும் குழாயையும் ஓவியர் எப்படிச் சமாளித்திருக்கிறார் என்று பார்ப்பது எனக்கு மிகவும் பிடிக்கும். சிலர் அவற்றைப் படத்துக்குள் இழுத்துக்கொள்வார்கள், சிலர் கண்டுகொள்ளாமல் மேலேயே பூசிவிடுவார்கள். வெயிலும் மழையும் படுகிற சுவர்கள் என்பதால் நிறம் ஆண்டுக்கு ஆண்டு வெளுக்கும். இணையத்தில் பார்த்த பளபளப்பை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

திரும்பும் வழியில் நேரம் இருந்தால் பறக்கும் ரயிலின் இந்திரா நகர் நிலையத்தையும் பாருங்கள். எச்.ஐ.வி. விழிப்புணர்வுக்காக 2021இல் நிலையக் கட்டடத்தின் மீது ஏ-கில்லும் கத்ரா என்கிற இன்னொரு ஓவியரும் வரிசையாக முகங்களை வரைந்தார்கள்.

உங்கள் ஊரில் நீங்களே ஒரு நடை வகுக்க

சென்னையில் இல்லாதவர்களும் இதே முறையில் தொடங்கலாம். பேருந்து நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் உள்ள ஐந்து சிலைகளையோ சுவரோவியங்களையோ எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்து இருப்பவற்றை மட்டும் சேருங்கள். ஒன்றுக்காக ஆட்டோ பிடிக்க வேண்டியிருந்தால் அதை இன்னொரு நாளைக்கு வையுங்கள். ஒரு முறை தனியாக நடந்து பாருங்கள். நிழல் எங்கே, உட்கார இடம் எங்கே, கழிப்பறை எங்கே என்பதைக் குறித்த பிறகே மற்றவர்களை அழைத்துப் போங்கள். பீடக் கல்வெட்டுகளை முழுதாகப் படம் எடுத்து வையுங்கள். புதிதாக வண்ணம் பூசும்போது எழுத்துகள் மூடிப்போவது சகஜம். உங்கள் படம் ஒரு நாள் பதிவாக நிற்கும். வயதானவர்களிடம் சிலை வைத்த நாள் ஞாபகம் இருக்கிறதா என்று கேளுங்கள். செய்தவரின் பட்டறை எங்கே இருந்தது என்பது சில சமயம் அந்தத் தெரு டீக்கடையிலேயே கிடைக்கும்.

சென்னை மாநகராட்சி எல்லைக்குள் சிலை சேதமடைந்தோ, பீடம் உடைந்தோ, சுவரோவியத்தின் மீது சுவரொட்டி ஒட்டியோ இருப்பதைக் கண்டால் 1913 என்கிற எண்ணில் மாநகராட்சிக்குத் தெரிவிக்கலாம். எந்தச் சிலை, எந்தச் சாலைச் சந்திப்பு, என்ன சேதம் என்று மூன்றையும் சொல்லுங்கள். பதிவு எண் தந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.